அப்போஸ்டில்: வெளிநாட்டு ஆவணச் சான்றொப்பத்தின் வரலாறு

அப்போஸ்டில் என்பது ஒரு நாட்டில் வழங்கப்பட்ட பொது ஆவணத்தை இன்னொரு நாட்டில் பயன்படுத்துவதற்காக, ஆவணம் பிறந்த நாட்டின் அரசு அதனுடன் இணைத்துத் தரும் சான்று. 1961 அக்டோபர் 5 தேதியிட்ட ஹேக் உடன்படிக்கை இதை உருவாக்கியது. பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், பட்டம், காவல்துறை நற்சான்று, அதிகாரப் பத்திரம் போன்றவற்றை எடுத்துக்கொண்டு நாடு கடப்பவர்கள் இச்சான்றைப் பெறுகின்றனர். ஹேக் மாநாட்டின் உடன்படிக்கைகளில் மிக அதிகமாகப் பயன்பாட்டில் இருப்பது இதுவே. இந்தியாவில் 2005 ஜூலை 14 முதல் நடைமுறையில் உள்ளது.

அப்போஸ்டில் ஆவணத்தில் எழுதப்பட்டிருப்பது உண்மை என்று கூறுவதில்லை. ஆவணத்தில் உள்ள கையெழுத்தும் முத்திரையும் உரியவருடையவை என்று மட்டுமே கூறுகிறது. இந்தச் சான்றின் பயனும் அதன் போதாமையும் இந்த ஒரு வரையறையிலிருந்தே தோன்றுகின்றன.

முந்தைய நிலை

ஒரு நகராட்சிப் பிறப்புப் பதிவாளரின் கையெழுத்தை அந்த ஊர்க்காரர்கள் அறிவர். அந்த மாவட்டத்தின் அலுவலகங்களிலும் அது செல்லும். ஆனால் கடல் கடந்து இன்னொரு நாட்டின் அலுவலர் முன் அந்தத் தாள் வைக்கப்படும்போது, பதிவாளர் என்று ஒருவர் உண்மையில் இருக்கிறாரா, அந்தக் கையெழுத்து அவருடையதுதானா என்பதை அறிய அந்த அலுவலருக்கு வழி இல்லை.

இதற்கு நாடுகள் கண்ட தீர்வு தூதரகச் சான்றொப்பம். ஆவணம் எந்த நாட்டுக்குப் போகிறதோ அந்த நாட்டின் தூதரக அலுவலர், ஆவணம் பிறந்த நாட்டிலேயே இருந்துகொண்டு, அதிலுள்ள கையெழுத்தைச் சரிபார்த்துத் தம் முத்திரையை இடுவார். தம் நாட்டுத் தூதரகத்தின் முத்திரையை அந்த நாட்டு அலுவலர் அடையாளம் காண்பார் என்பதே இதன் அடிப்படை.

நடைமுறையில் ஒரு தடை இருந்தது. தலைநகரில் இருக்கும் தூதரகத்துக்கும் தொலைவிலுள்ள ஒரு பதிவாளரின் கையெழுத்து தெரியாது. ஆகவே, தூதரகம் அறிந்த ஒரு கையெழுத்து கிடைக்கும் வரை ஆவணம் படிப்படியாக மேலே போக வேண்டியிருந்தது. பதிவாளரின் கையெழுத்தை மேலதிகாரி உறுதி செய்வார், அவருடையதை மாநில அரசோ ஓர் அமைச்சகமோ உறுதி செய்யும், அதை வெளியுறவு அமைச்சகம் உறுதி செய்யும், கடைசியாகத் தூதரகம். சில நாடுகளில் ஆவணம் போய்ச் சேர்ந்த பிறகும் அங்குள்ள வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரை தேவைப்பட்டது. இந்த வரிசையில் ஒவ்வொருவரும் தமக்கு முந்தையவரின் கையெழுத்தை மட்டுமே பார்த்தனர். மூல ஆவணத்தை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒவ்வொரு படியிலும் கட்டணம் இருந்தது, காத்திருப்பு இருந்தது. அந்தச் செலவையும் அலைச்சலையும் ஏற்றவர் ஆவணத்துக்கு உரியவரே.

பிரித்தானிய இந்தியச் சட்டங்களிலும் இந்த முறையின் தடம் உண்டு. 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 78ஆம் பிரிவு, வெளிநாட்டுப் பொது ஆவணத்தின் நகலை நீதிமன்றத்தில் மெய்ப்பிக்க, அதைக் காப்பில் வைத்திருக்கும் அலுவலரின் சான்றும், அதன் மேல் ஒரு நோட்டரி அல்லது தூதரக அலுவலரின் முத்திரையும் வேண்டும் என்று வகுத்தது. விடுதலைக்குப் பின் 1948இல் இயற்றப்பட்ட தூதரக அலுவலர்கள் (உறுதிமொழிகள், கட்டணங்கள்) சட்டம், வெளிநாடுகளிலுள்ள இந்தியத் தூதரகங்கள் உறுதிமொழி பெறவும் நோட்டரிப் பணிகளைச் செய்யவும் அதிகாரம் அளித்தது.

ஹேக் மாநாடு

நெதர்லாந்தின் சட்ட அறிஞர் டோபியாஸ் ஆசர் முயற்சியால் 1893இல் ஹேக் நகரில் தனியார் பன்னாட்டுச் சட்டத்துக்கான முதல் மாநாடு கூடியது. திருமணம், வாரிசுரிமை, ஒப்பந்தம் போன்ற தனிமனித விவகாரங்கள் இரண்டு நாடுகளின் சட்டங்களுக்கு இடையில் சிக்கும்போது எதைப் பின்பற்றுவது என்பதே மாநாட்டின் பொருள். ஆசருக்கு 1911இல் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் மாநாட்டுக்குத் தனி அமைப்புவிதி வகுக்கப்பட்டு, 1955 முதல் அது நிலையான பன்னாட்டு அமைப்பாக இயங்கிவருகிறது.

போருக்குப் பிந்தைய ஐரோப்பாவில் எல்லை கடந்த வேலை, கல்வி, திருமணம், வணிகம் அனைத்தும் பெருகின. தூதரகச் சான்றொப்பத்தை ஒழிக்க வழி காணுமாறு ஐரோப்பிய அவையிலிருந்து ஆலோசனை வந்தது. 1960 அக்டோபரில் கூடிய ஹேக் மாநாட்டின் ஒன்பதாம் அமர்வு இதை எடுத்துக்கொண்டது. வெளிநாட்டு ஆவணத்தை எந்தச் சான்றும் இன்றி அப்படியே ஏற்றால் போலிகளுக்குக் கதவு திறக்கும். பழைய முறையைத் தொடர்ந்தால் மக்களின் அலைச்சல் தொடரும். இரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு வழி தேவைப்பட்டது.

உடன்படிக்கை கண்ட வழி, சான்றளிக்கும் பொறுப்பை இடம் மாற்றுவது. ஆவணத்தைப் பெறும் நாட்டின் தூதரகம் சரிபார்ப்பதற்குப் பதிலாக, ஆவணத்தை வழங்கிய நாடே ஒரே ஒரு சான்றை அளிக்கும். அந்தச் சான்றின் மேலுள்ள கையெழுத்துக்கு வேறு எந்தச் சான்றும் கேட்கக் கூடாது. சங்கிலி அங்கேயே நின்றுவிடும்.

பிரெஞ்சுச் சட்டப் பேராசிரியர் இவோன் லூசுவார்ன் இதற்கு விளக்க அறிக்கை எழுதினார். யுகோசுலாவியா, ஐக்கிய இராச்சியம், பிரான்சு ஆகிய மூன்று நாடுகள் உறுதி செய்த பிறகு, 1965 சனவரி 24 அன்று உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது.

பெயர்

அப்போஸ்டில் என்பது பிரெஞ்சுச் சொல். ஓர் எழுத்தின் ஓரத்திலோ அடியிலோ சேர்க்கப்படும் குறிப்பு என்பது அதன் பொருள். இடைக்கால இலத்தீனில் உரைக்குறிப்பைச் சுட்டிய போஸ்டில்லா என்னும் சொல்லிலிருந்து இது வந்தது. ஒலி ஒத்திருந்தாலும், இயேசுவின் சீடர்களைக் குறிக்கும் அப்போஸ்தலர் என்னும் சொல்லோடு இதற்குத் தொடர்பில்லை. அது தூதரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது.

சான்றின் அமைப்பு

உடன்படிக்கை மொத்தம் 15 பிரிவுகளே கொண்டது. இணைப்பில் சான்றின் மாதிரி வடிவம் தரப்பட்டுள்ளது. அது பக்கத்துக்குக் குறைந்தது 9 செ.மீ. கொண்ட சதுரம். சான்றை வழங்கும் நாடு தன் மொழியில் அதை எழுதலாம். ஆனால் தலைப்பும் அதன் கீழ் வரும் உடன்படிக்கைக் குறிப்பும் பிரெஞ்சில் இருக்க வேண்டும். எந்த மொழி தெரிந்த அலுவலரும் தலைப்பைக் கொண்டே இன்ன சான்று என்று அறிய இது உதவுகிறது.

சதுரத்துக்குள் பத்து எண்ணிட்ட விவரங்கள் உள்ளன: நாடு, ஆவணத்தில் கையெழுத்திட்டவர், அவர் வகிக்கும் பதவி, ஆவணத்திலுள்ள முத்திரை யாருடையது, சான்றளித்த இடம், தேதி, சான்றளித்த அலுவலர், வரிசை எண், முத்திரை, கையெழுத்து. ஒவ்வொரு நாட்டிலும் இதே விவரங்கள் இதே எண் வரிசையில் வருவதால், மொழி புரியாவிட்டாலும் மூன்றாம் எண்ணில் பதவியும் எட்டாம் எண்ணில் வரிசை எண்ணும் இருக்கும் என்பது தெரியும்.

சான்று வழங்கும் அலுவலகம் ஒவ்வொரு சான்றின் எண்ணையும் தேதியையும், மூல ஆவணத்தில் கையெழுத்திட்டவரின் பெயரையும் பதவியையும் ஒரு பதிவேட்டில் குறித்துவைக்க வேண்டும். ஐயம் எழுந்தால் தொடர்புடைய எவரும் கேட்டு, சான்றில் உள்ளதும் பதிவேட்டில் உள்ளதும் பொருந்துகின்றனவா என்று சரிபார்க்கலாம்.

நான்கு வகை ஆவணங்களுக்கு இது பொருந்தும்: நீதிமன்றம் சார்ந்த அலுவலர்கள் வழங்குபவை, நிர்வாக ஆவணங்கள், நோட்டரி ஆவணங்கள், தனியார் கையெழுத்திட்ட தாள்களின் மேல் அலுவலர் இடும் சான்றுகள். தூதரக அலுவலர்கள் தயாரிக்கும் ஆவணங்களும், வணிகம் அல்லது சுங்கத்தோடு நேரடியாகத் தொடர்புடைய நிர்வாக ஆவணங்களும் விலக்கப்பட்டன. தூதரக ஆவணங்களுக்கான சான்றொப்பத்தை விலக்க, ஐரோப்பிய அவை 1968இல் இலண்டனில் தனி உடன்படிக்கை ஒன்றை உருவாக்கியது.

எதற்குச் சான்று, எதற்கு இல்லை

நோட்டரி ஒருவர் ஒரு பட்டச் சான்றிதழின் ஒளிநகலில் 'மூலத்தோடு ஒப்பிட்டேன்' என்று கையெழுத்திட்டால், அந்த நகலுக்கும் அப்போஸ்டில் பெறக்கூடிய நாடுகள் உள்ளன. அப்போது அப்போஸ்டில் சொல்வது நோட்டரியின் கையெழுத்து மெய்யானது என்பதை மட்டுமே. அந்தப் பல்கலைக்கழகம் உண்மையில் இருக்கிறதா, அந்தப் பட்டம் பெறப்பட்டதா என்பதை அது சொல்லாது. காசுக்குப் பட்டம் விற்கும் போலி நிறுவனங்கள் இந்த இடைவெளியைப் பயன்படுத்திக்கொண்டன. மொழிபெயர்ப்பிலும் இதே நிலைதான். தமிழிலுள்ள ஒரு சான்றிதழின் மொழிபெயர்ப்போடு அப்போஸ்டில் இணைக்கப்பட்டால், மொழிபெயர்ப்பில் இடப்பட்ட நோட்டரி கையெழுத்து உறுதியாகிறதே தவிர, மொழிபெயர்ப்பு சரியானது என்று பொருளாகாது.

பெயர் வேறுபாடுகளையும் அப்போஸ்டில் தீர்ப்பதில்லை. தமிழர் பெயர்முறையில் தந்தை பெயரின் முதலெழுத்து முன்னால் வரும். கடவுச்சீட்டில் அது விரித்தெழுதப்பட்டுக் குடும்பப் பெயராக நிற்கலாம். பள்ளிச் சான்றிதழில் முதலெழுத்தாகவே இருக்கலாம். திருமணத்துக்குப் பின் பெண்ணின் முதலெழுத்து மாறியிருக்கலாம். மூன்று ஆவணங்களுக்கும் முறையான அப்போஸ்டில் இருந்தாலும், மூன்றும் ஒரே ஆளுடையவை என்பதை வேறு வழியில்தான் நிறுவ வேண்டும்.

பொது ஆவணம் இல்லாதவருக்கும் இதில் இடமில்லை. கோவிலிலோ மண்டபத்திலோ நடந்த திருமணத்துக்கு அழைப்பிதழும் ஒளிப்படங்களும் மட்டுமே இருந்தால், அவற்றில் அப்போஸ்டில் இட முடியாது. பதிவுச் சான்று வேண்டும். திருமணங்களைக் கட்டாயமாகப் பதிவு செய்யுமாறு 2006இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதும், அதையொட்டித் தமிழ்நாடு 2009இல் திருமணப் பதிவுச் சட்டம் இயற்றியதும் இந்த வகையில் முக்கியமானவை. பிறப்புப் பதிவுக்குச் சென்னை மாகாணத்தில் 1899ஆம் ஆண்டுச் சட்டமும், பின்னர் நாடு முழுவதற்கும் 1969ஆம் ஆண்டுச் சட்டமும் இருந்தபோதிலும், வீட்டில் பிறந்து பதிவாகாமல் போனவர்கள் பலர். பல ஆண்டுகள் கழித்து மகனோ மகளோ வெளிநாட்டுக்கு அழைக்கும்போதுதான் அந்தக் குறை வெளிப்படுகிறது.

பரவல்

உடன்படிக்கையின் தொடக்க காலப் பரவலில் காலனி ஆட்சியின் பங்கு உண்டு. ஐக்கிய இராச்சியம் தன் ஆட்சிக்குட்பட்ட பல நிலப்பகுதிகளுக்கும் உடன்படிக்கையை விரிவாக்கியது. அவற்றுள் சில விடுதலைக்குப் பின்னும் அதைத் தொடர்ந்தன. ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற தமிழர்களின் வழித்தோன்றல்கள் வாழும் மொரிசியசும் (1968) ஃபிஜியும் (1970) இவ்வாறு இந்தியாவுக்கு முன்பே உடன்படிக்கைக்குள் இருந்தன. ஹாங்காங் 1965 முதல் அப்போஸ்டில் வழங்கியது. 1997இல் சீனாவிடம் சேர்ந்த பின்னும் அது தொடர்ந்தது. சீனப் பெருநிலத்திலோ 2023 நவம்பர் 7 அன்றுதான் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது.

ஜப்பானில் 1970இலும், அமெரிக்காவில் 1981இலும், ஆஸ்திரேலியாவில் 1995இலும், சிங்கப்பூரில் 2021இலும், சவூதி அரேபியாவில் 2022இலும் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. இன்று 120க்கும் மேற்பட்ட நாடுகள் இதில் உள்ளன. இதற்கிடையே ஐரோப்பிய ஒன்றியம் அப்போஸ்டிலையும் கடந்து சென்றது. 2019 பிப்ரவரி 16 முதல் உறுப்பு நாடுகளுக்கிடையே பிறப்பு, இறப்பு, திருமணம் முதலிய குறிப்பிட்ட பொது ஆவணங்களுக்கு அப்போஸ்டில்கூடத் தேவையில்லை.

இந்தியாவில்

இந்தியா 2004 அக்டோபர் 26 அன்று உடன்படிக்கையில் இணைந்தது. 2005 ஜூலை 14 அன்று அது நடைமுறைக்கு வந்தது. வெளியுறவு அமைச்சகம் அப்போஸ்டில் வழங்குகிறது. கணினியில் அச்சிட்ட ஒட்டுச்சீட்டாக அது ஆவணத்தின் பின்புறம் ஒட்டப்படும். அரசுக் கட்டணம் ஓர் ஆவணத்துக்கு 50 ரூபாய். 2012 முதல் ஆவணங்களை மக்களிடமிருந்து பெறும் பணி அமைச்சகம் அமர்த்திய வெளி முகமைகளிடம் ஒப்படைக்கப்பட்டது. 2019இல் இப்பணி தில்லிக்கு வெளியேயும் பரவலாக்கப்பட்டு, சென்னையிலுள்ள அமைச்சகத்தின் கிளைச் செயலகத்திலும் செய்யப்படலாயிற்று.

எனினும் 'ஒரே சான்று' என்ற வாக்கு இந்தியாவில் ஆவணத்தின் கடைசிக் கட்டத்துக்கு மட்டுமே பொருந்தியது. வெளியுறவு அமைச்சகத்திடமும் நாடெங்கும் உள்ள பதிவாளர்களின் மாதிரிக் கையெழுத்துகள் இல்லை. எனவே கல்விச் சான்றிதழ்களுக்கு மாநிலக் கல்வித் துறையின் சான்றொப்பமும், பிறப்பு, திருமணச் சான்றிதழ்களுக்கு மாநில அரசின் உரிய துறையின் சான்றொப்பமும் முதலில் பெற வேண்டும். வணிக ஆவணங்களுக்கு வணிகர் சங்கத்தின் சான்று வேண்டும். அதற்கும் முன், பட்டம் உண்மையானதா என்று பல்கலைக்கழகத்திடம் சரிபார்ப்பதும் உண்டு. உடன்படிக்கை வெட்டியது தூதரகப் படியை மட்டுமே. உள்நாட்டுப் படிகளை எத்தனை வைப்பது என்பதை அது ஒவ்வொரு நாட்டின் விருப்பத்துக்கே விட்டுவிட்டது. 50 ரூபாய் சீட்டைப் பெற்றுத் தருவதாகக் கூறி அதைப் போலப் பல மடங்கு வாங்கும் முகவர்களின் தொழில் இந்த உள்நாட்டுப் படிகளைச் சுற்றியே வளர்ந்தது.

ஆட்சேபங்கள்

புதிதாக ஒரு நாடு இணையும்போது, ஏற்கெனவே உள்ள நாடுகள் ஆறு மாதங்களுக்குள் ஆட்சேபம் தெரிவிக்க 12ஆம் பிரிவு இடமளிக்கிறது. ஆட்சேபித்தால் அந்த இரு நாடுகளுக்கிடையே மட்டும் உடன்படிக்கை செல்லாது. இந்தியா இணைந்தபோது செருமனி உள்ளிட்ட சில ஐரோப்பிய நாடுகள் ஆட்சேபித்தன. மற்றவை பின்னர் விலக்கிக்கொண்டன, செருமனி விலக்கிக்கொள்ளவில்லை. ஆகவே இந்திய அப்போஸ்டில் ஒட்டிய பிறப்புச் சான்றிதழ் பிரான்சில் செல்லும். செருமனியில் அதுவே போதாது. தேவைப்படும்போது செருமானியத் தூதரகங்கள் தாம் அமர்த்தும் ஆட்களைக் கொண்டு ஆவணத்தின் மூலத்தையே தேடிச் சரிபார்க்கும் முறையைக் கைக்கொள்கின்றன. அதற்குச் சில மாதங்கள் ஆவதுண்டு. கணவன் ஒரு நாட்டிலும் மனைவி இன்னொரு நாட்டிலுமாக அந்த மாதங்களைக் கழிக்கின்றனர்.

ஆட்சேபப் பிரிவு, உடன்படிக்கையின் அடிப்படை எது என்பதைக் காட்டுகிறது. சதுரமும் பத்து விவரங்களும் எல்லா நாடுகளுக்கும் பொதுவானவை. ஆனால் ஒரு நாட்டின் பதிவேடுகள் மீது இன்னொரு நாட்டுக்கு நம்பிக்கை இல்லாவிட்டால், அந்த நாடு தரும் சான்றுக்கும் மதிப்பு இல்லை.

உடன்படிக்கைக்கு வெளியே

தமிழ்நாட்டிலிருந்து மிகப் பலர் வேலைக்குச் சென்ற வளைகுடா நாடுகளில் ஓமனும் (2012) பகுரைனும் (2013) உடன்படிக்கைக்குள் வந்தன. ஐக்கிய அரபு அமீரகம், கத்தார், குவைத் ஆகியவை 2024 முடியும் வரை சேரவில்லை. அங்கு செல்லும் செவிலியரோ பொறியாளரோ மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், அந்நாட்டுத் தூதரகம் என்னும் பழைய வரிசையிலேயே நிற்க வேண்டும். தொழிலாளர் பேச்சில் இது 'அட்டெஸ்டேஷன்' என்ற ஒரே சொல்லில் அடங்கும். பட்டம் சான்றொப்பம் பெறாவிட்டால் தகுதிக்குரிய பணியிடமும் குடும்பத்தை அழைத்துக்கொள்ளும் விசாவும் கிடைக்காமல் போகலாம். எனவே வேலை கிடைக்கும் முன்பே இதற்காகக் கடன் வாங்குவோரும் உண்டு.

கனடாவும் அதிகாரப் பத்திரமும்

ஆவணம் எதிர்த்திசையிலும் பயணிக்கிறது. வெளிநாட்டில் குடியேறியவர் ஊரிலுள்ள வீட்டையோ நிலத்தையோ விற்க, உறவினருக்கு அதிகாரப் பத்திரம் எழுதி அனுப்புவது வழக்கம். இந்தியாவின் 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, பதிவு அலுவலகத்தில் செயல்பட வெளிநாட்டில் வசிப்பவர் எழுதும் அதிகாரப் பத்திரம், நோட்டரி, நீதிபதி அல்லது இந்தியத் தூதரக அலுவலர் முன்னிலையில் கையெழுத்திடப்பட வேண்டும் என்கிறது. இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதங்களுக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும் என்பது முத்திரைச் சட்டத்தின் விதி.

தமிழர் பெருமளவில் வாழும் கனடா 2023 மே மாதத்தில்தான் உடன்படிக்கையில் இணைந்தது. 2024 சனவரி 11 முதல் அது அங்கு நடைமுறைக்கு வந்தது. அதுவரை கனடாவின் ஆவணம் இன்னொரு நாட்டில் செல்ல, கனடிய அரசின் சான்றும் பின்னர் அந்த நாட்டுத் தூதரகத்தின் சான்றும் தேவைப்பட்டன. கையெழுத்திட வேண்டியவர் முதியவராகவோ நடமாட இயலாதவராகவோ இருந்தால், தூதரகத்துக்கு நேரில் போக வேண்டும் என்ற ஒரே காரணத்தால் சொத்து விற்பனை நின்றுபோவதும் உண்டு. உள்ளூர் நோட்டரியின் கையெழுத்துக்கு அப்போஸ்டில் பெறும் வழி, அத்தகையோருக்கு அந்தப் பயணத்தைக் குறைக்கிறது.

மின்னணு வடிவம்

அப்போஸ்டிலிலும் போலி செய்ய முடியும் என்பதால் பதிவேட்டுச் சரிபார்ப்பு முக்கியமாயிற்று. தொலைபேசியிலும் கடிதத்திலும் கேட்டறிவது அரிதாகவே நடந்தது. 2006இல் ஹேக் மாநாடு மின் அப்போஸ்டில் முன்னோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. மின் கையொப்பமிட்ட அப்போஸ்டில் ஒரு பகுதி. எண்ணை இட்டு எவரும் இணையத்தில் சரிபார்க்கக்கூடிய மின் பதிவேடு மற்றொரு பகுதி. இந்தியா 2017 மே மாதத்தில் இ-சனத் என்னும் இணையவழிச் சான்றொப்ப முறையைத் தொடங்கியது. ஆவணத்தை வழங்கிய நிறுவனமே அதன் மின் படியைச் சேமிப்பகத்தில் வைத்திருந்தால், காகிதத்தைச் சுமந்து ஒவ்வோர் அலுவலகமாகப் போக வேண்டியதில்லை என்பது இதன் கருத்து. நிறுவனத்தின் பழைய பதிவேடுகள் கணினியில் ஏற்றப்படாத வரை பழைய சான்றிதழ்களுக்கு இது உதவாது.

மதிப்பீடு

தூதரகச் சான்றொப்பம், அப்போஸ்டில், மின் பதிவேடு என்ற மூன்று கட்டங்களிலும் கேள்வி ஒன்றே: அறியாத ஓர் அலுவலரின் கையெழுத்தை எதைக் கொண்டு நம்புவது? முதல் கட்டத்தில் ஆவணத்தைப் பெறும் நாடு தன் தூதரகத்தை நம்பியது. இரண்டாம் கட்டத்தில் வழங்கும் நாட்டை நம்பியது. மூன்றாம் கட்டத்தில் பதிவேட்டையே நேரில் பார்க்க முயல்கிறது. ஆவணத்தின் உள்ளடக்கம் உண்மையா என்ற கேள்விக்கு இவற்றுள் மூன்றாவது மட்டுமே ஓரளவு நெருங்கி வருகிறது.

எந்தச் சான்றும் அடியிலுள்ள முதல் பதிவை விட உறுதியாக இருக்க முடியாது. பிறந்த குழந்தையின் பெயர், தேதி, பெற்றோர் பெயர் ஆகியவற்றை ஊராட்சியிலோ நகராட்சியிலோ ஓர் எழுத்தர் பிழையின்றிப் பதிவதுதான், பல பத்தாண்டுகள் கழித்து இன்னொரு நாட்டின் அலுவலக மேசையில் அந்தக் குழந்தைக்குத் துணை நிற்கிறது. அங்கு நேர்ந்த ஓர் எழுத்துப் பிழை, அதன் மேல் எத்தனை முத்திரைகள் ஏறினாலும் பிழையாகவே இருக்கிறது.